மோடத்தை மாடிக்கு மாற்றிய நாள் முதல் நெட் விட்டு விட்டு வருகிறது

மாடியறை

வணக்கம். நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை இது. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, வழியைச் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு, 300 எம்பிபிஎஸ். கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மோடம் (ஃபைபர் ஒயர் நேராக வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டி), அதை ஒட்டி ரூட்டர். மூன்று வருஷமாக ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் நான் வேலை பார்ப்பது மாடியில். அங்கே வைஃபை இரண்டு கோடு காட்டும், சில நாள் ஒரு கோடு. மீட்டிங்கில் நான் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வேகம் வந்து, இரண்டு பெட்டிகளையும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

ஃபைபர் ஒயர் எட்டுமா என்ற கவலை இல்லை. இணைப்பு கொடுத்தவர்கள் மிச்ச ஒயரைப் பரண்மேல் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பிரித்து, மாடிப்படிக் கைப்பிடி ஓரமாக ஏற்றி, அறைக்குள் துணி அலமாரிக்குப் பின்னால் நுழைத்து மேஜைக்குக் கொண்டுவந்தேன். ரூட்டரை உயரத்தில் வைத்தால் நல்லது என்று அலமாரி மேலே வைத்தேன். மோடத்துக்கும் அதற்கும் நடுவில் இருந்த குட்டை ஒயர் எட்டவில்லை. டிராயரில் கிடந்த பழைய நீள ஒயரைப் போட்டேன்.

இப்போது நிலவரம் இது.

கீழே இருந்தபோது வேகம் 280, 290 என்று வரும். இப்போது 94. காலையில் 94, நடுராத்திரியில் 94. ரூட்டரில் லேப்டாப்பை ஒயர் போட்டுச் சொருகிப் பார்த்தாலும் அதே 94தான். ஒரு நாள் 93.8 வந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

நாளுக்கு ஐந்தாறு தடவை நெட் மொத்தமாகப் போய்விடுகிறது. அரை நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம். அப்புறம் தானாக வந்துவிடும். ஒரு தடவை மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்த மாதிரி இருந்தது. நாற்காலியை நகர்த்தி எட்டிப் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது.

இது போக, அம்மாவின் ஃபோனுக்குக் கீழே இப்போது சிக்னலே இல்லை. "உனக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிட்ட" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டேன். பத்து நிமிடம் நெட் இல்லாமல் இருந்ததுதான் மிச்சம். ரீசெட் செய்யவில்லை, பிபிபிஓஇ (ரூட்டர் நெட்டுக்குள் நுழைய வேண்டிய) பாஸ்வேர்டு என்னிடம் இல்லை, அது போய்விட்டால் இன்னும் சிக்கல்.

ரூட்டர் பழசாகிவிட்டது, புதுசு வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

இரவுப்பறவை

வைஃபை சேனல் மாற்றிப் பார்த்தீர்களா? 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றில் எது காலியோ அதை வையுங்கள், மற்ற எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள். டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) 8.8.8.8 போடுங்கள். எனக்கு இதிலேயே சரியானது.

பழைய கம்பி

தம்பி, ரூட்டர் வாங்கும் எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இரவுப்பறவை சொன்னது வைஃபை கோளாறுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஒயர் போட்ட லேப்டாப்பிலும் அதே கதை என்கிறீர்கள். அப்படியென்றால் வைஃபையை இப்போதைக்கு மறந்துவிடலாம். டிஎன்எஸ் கோளாறுக்குச் சிவப்பு விளக்கு எரியாது.

உங்களிடம் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த 94. நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஆடும், 60 வரும், 140 வரும். ஆடாமல் 94-இல் நிற்கிறது என்றால் நடுவில் எங்கோ ஒரு இணைப்பு 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 100-இல் ஓடுகிறது என்று அர்த்தம். ஏன் 100 இல்லாமல் 94 என்று கேட்டால், ஒயரில் ஒரு முழுத் தரவுப் பொட்டலம் 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது, அதில் உங்கள் சரக்கு 1448 பைட்தான். மீதியெல்லாம் முகவரியும் இடைவெளியும். அந்த விகிதத்தில் நூறுக்கு 94.1. இந்த எண்ணைப் பார்த்ததுமே எங்களைப் போன்றவர்களுக்குக் கை தானாக ஒயருக்குப் போகும்.

ஈத்தர்நெட் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் பெரும்பாலான பெட்டிகள் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் டிராயர் ஒயர்மேல்தான் எனக்குச் சந்தேகம். வேறு ஒயர் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சிவப்பு விளக்கு. எல்ஓஎஸ் எரிந்தால் மோடத்துக்கு ஒளியே வந்து சேரவில்லை. அது ரூட்டருக்கு முந்திய சமாச்சாரம். லேப்டாப்பை மோடத்திலேயே நேராகச் சொருகி, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள் (பல பெட்டிகளில் 192.168.1.1, அடியில் ஒட்டியிருக்கும்). ஆப்டிக்கல் அல்லது பான் என்ற தலைப்பில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் வலிமை) என்று மைனஸில் ஒரு எண் இருக்கும், டிபிஎம் என்ற டெசிபெல் கணக்கில். அதை இங்கே போடுங்கள்.

கழற்றும்போது ஃபைபர் முனையை மூடி வைத்தீர்களா, கை பட்டதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

இன்னொன்று. இரண்டு பெட்டிகளின் அடாப்டர்களும் மாறிவிடவில்லையே? பின் ஒரே மாதிரி இருக்கும், வோல்ட்டும் ஆம்பியரும் வேறாக இருக்கும்.

மாடியறை

ஐயா, அடாப்டர் சரிதான், பெட்டியில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

டிவியில் இருந்த ஒயரைப் பிடுங்கி மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவில் போட்டேன். 287! ஒரு வாரமாக ரூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

டிராயர் ஒயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் எட்டு வண்ணக் கம்பிகளும் வரிசையாகத் தெரிகின்றன. ஏழு கம்பிகள் நுனி வரை போகின்றன. கடைசிப் பழுப்புக் கம்பி மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது, பின்னைத் தொடவே இல்லை. சொருகிப் பூட்டும் நாக்கும் உடைந்திருக்கிறது. எத்தனை வருஷமாக அப்படிக் கிடந்ததோ.

ஆர்எக்ஸ் பவர் −23.4 என்று இருக்கிறது. மோடத்தைத் திருப்பியபோது அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் பேனாவால் −20.1 என்று எழுதியிருக்கிறது. முன்பு பார்த்திருந்தாலும் ஏதோ சீரியல் நம்பர் என்றுதான் நினைத்திருப்பேன்.

முனை பற்றிக் கேட்டீர்கள். கழற்றிய பிறகு தரையில் கிடந்தது. சொருகும் முன் சட்டையில் துடைத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான்.

நெட் போவது மட்டும் நிற்கவில்லை. இன்று காலையிலிருந்து இரண்டு தடவை.

பழைய கம்பி

பழுப்பு எட்டாவது பின். 100-க்கு அது தேவையே இல்லை, அதனால்தான் 94 குறையில்லாமல் ஓடியது.

−20.1 என்பது இணைப்பு கொடுத்தவர் அன்றைக்கு அளந்து எழுதிய அளவு. நல்ல ஆள், எல்லோரும் எழுதுவதில்லை. 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிறது. −20.1 எங்கே, −23.4 எங்கே? மாடிக்கு ஏற்றியதில் பாதி ஒளியை எங்கோ சிந்திவிட்டீர்கள். அந்தச் சில மீட்டர் நீளத்துக்கு இவ்வளவு குறையாது. ஒன்று மடிப்பு, இல்லையென்றால் அழுக்கு. உங்கள் விஷயத்தில் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் −23.4-இல் நெட் போகக் கூடாது. வீடுகளுக்குப் பரவலாகப் போடும் பி பிளஸ் என்ற ஃபைபர் இணைப்பு வகையில் மோடம் −27 வரை தாங்க வேண்டும். அதற்குக் கீழே போனால்தான் தடுமாறும். ஆக, எப்போதோ ஒரு நேரத்தில் மட்டும் அந்த எண் இன்னும் கீழே இறங்குகிறது. எப்போது இறங்குகிறது என்று பிடியுங்கள். அந்த ஒயரை யாராவது மிதிக்கிறார்களா, எதாவது அசைகிறதா?

மாடியறை

கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி.

நேற்று ராத்திரி இந்தத் திரியைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். "எப்போது போகிறது என்று பிடியுங்கள்" என்ற இடம் வந்ததும், "நான் துணி எடுக்கும்போதுதான் போகுது, நீங்க என்னைத் திரும்பிப் பார்த்து முறைப்பீங்களே" என்றாள். மீட்டிங் நடுவில் அலமாரியைத் திறந்து சத்தம் போடுகிறாளே என்று முறைத்ததாக ஞாபகம். நெட் போனதையும் அதையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. முதலில் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

லேப்டாப்பை மோடத்தில் சொருகி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியிருந்தால் −23.4. பாதி திறந்ததும் −26.8. முழுதாகத் திறந்து பின்னால் சுவரில் முட்டியதும் எல்ஓஎஸ் சிவப்பு! மூடினால் கொஞ்ச நேரத்தில் பச்சை. நான்கு தடவை செய்து பார்த்தோம், நான்கு தடவையும் அப்படியே. கடைசி இரண்டும் தேவையே இல்லை, வேடிக்கைக்குத்தான்.

அலமாரியை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயர் கீல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கதவு முழுதாகத் திறந்தால் கதவின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி, கொண்டை ஊசி மாதிரி மடிகிறது. வெள்ளை உறையில் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஒயர் உடைந்திருக்குமா?

பழைய கம்பி

உங்கள் மனைவிக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். இந்த மாதிரி கேஸுக்கு ஆளை அனுப்பினால், அவர் வந்து பார்க்கும்போது கதவு மூடியிருக்கும். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

உடையவில்லை. உடைந்திருந்தால் கதவை மூடியதும் திரும்பி வராது. கண்ணாடி இழைக்குள் ஒளி பக்கவாட்டில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பித்தான் போகிறது, பள்ளிக்கூடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். மடிப்பு கூர்மையானால் அந்தக் கோணம் தப்பிவிடும், ஒளி உறைக்குள் கசிந்துவிடும். அலைநீளம் கூடினால் கசிவும் கூடும். உங்களுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், நீங்கள் அனுப்பும் ஒளி 1310. அதனால் மடிப்பு விழுந்தால் உங்களுக்கு வரும் ஒளிதான் முதலில் அடிபடும்.

எவ்வளவு வளைக்கலாம் என்பது ஒயரின் வகையைப் பொறுத்தது. உறைமேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஜி652 என்றால் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள். ஜி657ஏ2 என்றால் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். கொண்டை ஊசியை எந்த வகையும் தாங்காது. அந்தக் கோடு விழுந்த இடத்தை இனி எந்தப் பக்கமும் மடக்காதீர்கள்.

சட்டைத் துடைப்புக்கு வருவோம். ஒளி போகும் நடுப்பகுதியின் விட்டம் 9 மைக்ரான்தான். தலைமுடியே அதைப் போலப் பல மடங்கு தடிமன். சட்டை நூலின் ஒரு பிசிறு போதும், வாசலை அடைத்துவிடும். பஞ்சு உதிராத துடைப்பானில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் ஒரு இழு, அப்புறம் காய்ந்த பக்கத்தால் இன்னொரு இழு. தேய்க்காதீர்கள், ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். துடைக்கும் முன் மோடத்தை அணைத்துவிடுங்கள். பச்சை முனைதானே? பச்சை என்றால் 8 பாகை சாய்வாகச் சீவியது, நீலம் நேராகச் சீவியது. பச்சையைப் பச்சையில்தான் சொருக வேண்டும்.

திண்ணை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு கேள்வி: மோடத்தை ஏன் நகர்த்தினீர்கள்?

உங்களுக்கு மாடியில் வேண்டியிருந்தது வைஃபை. வைஃபை தருவது ரூட்டர். மோடம் ஹாலிலேயே கிடந்திருந்தால் இந்தக் கண்ணாடி ஒயரை யாரும் தொட்டிருக்கவே வேண்டாம். மோடத்திலிருந்து ரூட்டருக்குப் போவது செம்பு ஒயர்தான், நல்ல கேட் 5ஈ ஒயர் 100 மீட்டர் வரை 1000-இல் ஓடும். செம்பு கொஞ்சம் மடங்கினாலும் கோபித்துக்கொள்ளாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மோடத்தையும் ரூட்டரையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, ரூட்டரிலிருந்து ஒரு ஒயரை மாடிக்கு ஏற்றி, அங்கே இன்னொரு பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக) வைப்பேன். அம்மாவுக்கும் கீழே சிக்னல் திரும்பி வரும். அந்தப் பழைய ரூட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள், அதன் ஐபி எண்ணை (அதன் சொந்த முகவரி) மாற்றுங்கள், ஒயரை வெளி நெட்டுக்கான வான் துளையில் சொருகாமல் வீட்டுச் சாதனங்களுக்கான லான் துளையில் சொருகுங்கள்.

கொடிமேடை

இதே மாதிரி எனக்கும், ஆனால் ஃபைபர் இல்லை. டெலிஃபோன் லைனில் வரும் டிஎஸ்எல். மோடத்தை வேறு அறையின் ஃபோன் துளைக்கு மாற்றியதிலிருந்து ஃபோன் மணி அடித்தால் நெட் போகிறது. என் தம்பி வீட்டில் கேபிள் மோடம், அங்கேயும் மாற்றிய பிறகு மந்தம்.

பழைய கம்பி

கொடிமேடை, தனித் திரி போட்டால் நல்லது, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎஸ்எல்லில் ஃபோனுக்கு முன்னால் ஃபில்டர் (ஃபோனையும் நெட்டையும் ஒன்றோடொன்று மோதாமல் பிரிக்கும் சின்னப் பெட்டி) வேண்டும். மாற்றியபோது பழைய துளையிலேயே விட்டிருப்பீர்கள். வீட்டுக்குள் லைன் நுழையும் முதல் துளையில் மோடத்தை வைப்பதுதான் எப்போதும் மேல். கேபிளில் வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர்களை எண்ணுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொன்றும் சுமார் 3.5 டெசிபெல் தின்னும். தேவையில்லாததைக் கழற்றிவிட்டு, திருகு முனைகளை இறுக்கச் சொல்லுங்கள்.

மாடியறை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், நெட் போகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

திண்ணை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பெட்டிகளும் எப்போதும் ஒட்டியே இருந்ததால் ஒட்டியே இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஃபைபரைப் பின்வாங்கி ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். மிச்சத்தை விரித்த கையின் அகலத்துக்கு வளையமாகச் சுருட்டிப் பரணிலேயே வைத்தாகிவிட்டது. முனையைச் சொன்னபடி துடைத்தேன். துடைப்பதற்கு முன் −21.9, துடைத்த பிறகு −20.4. என் சட்டையின் விலை ஒன்றரை டெசிபெல்.

கைப்பிடி ஓரமாக இப்போது 15 மீட்டர் ஈத்தர்நெட் ஒயர் போகிறது. மாடியில் பழைய ரூட்டர். இதில் அரை மணி நேரம் போனது: டிஹெச்சிபியை அணைத்தேன், ஐபி மாற்ற மறந்துவிட்டேன். இரண்டும் 192.168.0.1. ஒரு தடவை மாடி ரூட்டரின் பக்கம் திறக்கும், அடுத்த தடவை கீழ் ரூட்டரின் பக்கம். ஒரு சாதனத்துக்கு நெட் வரும், இன்னொன்றுக்கு வராது. மாடியில் இருப்பதை 192.168.0.2 ஆக்கியதும் அடங்கியது.

மேஜையில் வைஃபையில் 260, ஒயரில் 288. மூன்று நாளில் ஒரு தடவைகூடப் போகவில்லை. அலமாரியை நானே வேண்டுமென்று திறந்து மூடிப் பார்த்தேன். அம்மா புகாரை வாபஸ் வாங்கிவிட்டார்.

இரவுப்பறவை

நல்லது. அந்த டிராயர் ஒயரை என்ன செய்தீர்கள்?

மாடியறை

நடுவில் வெட்டிக் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்து மறுபடி டிராயரில் வைத்துவிடுவார்கள். அந்த யாராவது அனேகமாக நானாகத்தான் இருப்பேன்.